கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற பொருள் ஒன்றுதான் இருந்தது. எக்ஸ்-ரே மெஷின். அது எலும்பை எடுக்கும், ஆளின் முகத்தை எடுக்காது. படத்தை உறையில் போட்டு நோயாளியின் கையில் கொடுத்துவிட்டால் அதோடு எங்கள் பொறுப்பு தீர்ந்தது.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் பிரசவ வார்டில் தன் குழந்தையைப் போனாலேயே படம் பிடித்தார். நர்சுகள் நாங்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அந்தப் போனைச் சுற்றி நின்றோம். தபால் தலை அளவில், புள்ளி புள்ளியாக ஒரு படம். குழந்தை எது, தலையணை எது என்று பிரித்துப் பார்க்கவே சிரமம். அதில் பயப்பட ஏதாவது இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ட்ரிப் ஏற்றுவதும் கட்டுப் போடுவதும் உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் போனைப் பற்றிச் சொல்கிறேன். நர்ஸ் வேலைக்கும் போனுக்கும் என்ன என்று நினைக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஊசியைவிட ஆழமாகக் குத்தக்கூடியது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

நான் சொல்லப்போவது ஒரு பிள்ளைக்கு நேர்ந்தது. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். பொய்ப் பெயரும் வைக்கப் போவதில்லை. கடற்கரை ஊர்க்காரி, கல்லூரியில் படித்தாள், அவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் ஆஸ்பத்திரி அருமனைக்குப் பக்கத்தில். பெரியது இல்லை. தலையில் பலமான அடி என்றால் முடிந்ததைச் செய்துவிட்டு திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடுவோம். எங்கள் மேனேஜர் பல வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நோயாளியின் வீட்டார் பசியோடு நிற்பதைப் பார்த்தால் தன் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுக்கிற மனிதர். வாட்ஸாப் வந்த புதிதில் ஜீப் டிரைவர்கள், கடைக்காரர்கள், இளைஞர் மன்றத்துப் பையன்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு குரூப் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு ஓர் அவசரம் என்றால் அதில் போடுவார்.

ஒருமுறை பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத ரத்த வகை. அவர் குரூப்பில் போட்ட சற்று நேரத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சட்டையெல்லாம் ரப்பர் பால் வாடை. அந்தப் பெண் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். அன்று மேனேஜரைக் கும்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரை நீங்கள் கெட்டவர் என்று எண்ணிவிடக் கூடாது. கெட்டவர்கள் செய்யும் தீங்கை அடையாளம் காண நமக்குத் தெரியும். நல்லவர்கள் அவசரத்தில் செய்வதைத் தடுக்கத்தான் நமக்குக் கை வராது.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒரு ஜீப் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து கேஷுவாலிட்டி வாசலில் நின்றது. சிதறாலிலிருந்து வரும் சாலையின் வளைவில் ஒரு பைக் சறுக்கி, மரத்தடி ஏற்றிக்கொண்டு எதிரே வந்த லாரியில் மோதியிருந்தது. ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலைக்கோயில் பார்க்கப் போய்விட்டுத் திரும்பியிருக்க வேண்டும். விடுமுறை நாளில் அந்த மலைக்கு யார்தான் போவதில்லை.

பையனுக்கு நினைவில்லை. காதிலிருந்தும் வாயிலிருந்தும் ரத்தம். நான் அவன் தலைமாட்டில் நின்று, தாடையைத் தூக்கிப் பிடித்தபடி வாய்க்குள் சேரும் ரத்தத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் அவனுக்கு மூச்சு நின்றுவிடும். பெண்ணுக்குக் காலும் தோளெலும்பும் ஒடிந்திருந்தன. நினைவு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஓடும் மின்விசிறியையே பார்த்துக் கிடந்தாள். ஜீப்பில் வந்தவர்கள், பின்னாலேயே பைக்கில் வந்தவர்கள், வெளிநோயாளிகள் பகுதியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் என்று ஒரு கூட்டம் உள்ளே வந்து நின்றுவிட்டது.

பையனை உடனே திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். கூடப் போக ஆள் வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அவன் யார் என்று தெரியவில்லை. அவன் போன் நொறுங்கிக் கிடந்தது. அதில் கோடு போட்டுத் திறக்கும் பூட்டு வேறு.

மேனேஜர் அந்தப் பெண்ணின் கால்மாட்டில் நின்று, சொந்த மகளிடம் பேசுவதுபோல அவளிடம் கேட்டார். "மக்களே, இந்தப் பய யாரு? பேரு என்ன? அவனுக்க வீட்டுல யாருக்க நம்பராவது தெரியுமா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரும் கேட்டார். தெரியாது என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தாள். "பிள்ளைக்குப் போதம் தெளியல்ல சாரே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

மேனேஜர் அவள் பையைத் திறந்தார். போன் விழுந்த இடத்திலேயே போயிருக்க வேண்டும், கல்லூரி அடையாள அட்டைதான் இருந்தது. அதில் வீட்டு நம்பர் இல்லை. கல்லூரிக்கு அடித்தால் சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. அட்டையை அவள் நெஞ்சின்மேல் வைத்தார். இரண்டு ஸ்ட்ரெச்சரும் படத்தில் ஒன்றாக விழும்படி போனைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். போன் படம் எடுக்கும் அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது.

"சார், பிள்ளைக்க படம் வேண்டாம். பயலுக்கது மட்டும் போதும்" என்றேன்.

"போட்டாச்சு சிஸ்டர். பயலுக்க ஆளுவ வரணும்லா?"

அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. விபத்தில் காயம்பட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், தெரிந்தவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும், மற்றவர்களுக்கும் அனுப்பவும். இவ்வளவுதான். அது பலித்தது. கொஞ்ச நேரத்தில் தக்கலையிலிருந்து பையனின் மாமா கூப்பிட்டார். கார் பிடித்து வந்தார், கையெழுத்துப் போட்டார், ஆம்புலன்ஸில் ஏறினார். இன்னும் தாமதித்திருந்தால் பையன் பிழைத்திருக்க மாட்டான் என்று திருவனந்தபுரத்தில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம். டாக்டர் மேனேஜரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். கூட்டம் திருப்தியோடு கலைந்தது.

அப்போதுதான் எனக்குக் கை ஒழிந்தது. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்த் திரையை இழுத்து மூடினேன்.

எனக்கு வேலை கற்றுத்தந்த ஒரு மூத்த சிஸ்டர் சொல்வார்: படுத்திருப்பவரிடம் நாம் நின்றுகொண்டு கேட்டால் அது விசாரணை, குனிந்து கேட்டால்தான் பேச்சு. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பேரொண்ணும் சொல்லாண்டாம் மக்கா. வலி எங்க கூடுதலு? அத மட்டும் சொல்லு."

தோளைக் காட்டினாள். ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அவன் பிழைப்பானா சிஸ்டர்?"

"திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயாச்சு. அவனுக்க மாமன் கூடப் போயிருக்காரு."

"மாமனுக்கு யாரு சொன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே பேசினாள். "அவனுக்க அக்காளுக்க நம்பரு எனக்குத் தெரியும் சிஸ்டர். மனப்பாடம். அம்புடு ஆளுவளுக்க முன்ன வச்சு நான் எப்படிச் சொல்லுவேன்?"

பிள்ளைகளே, வேறு எல்லாவற்றையும் நீங்கள் மறந்துவிட்டாலும் இந்த இடத்தை மறக்காதீர்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, காதோடு ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். படம் எடுத்து, எழுதி, அனுப்பிய நேரத்தைவிட அது குறைவாகத்தான் ஆகியிருக்கும். பையனும் பிழைத்திருப்பான். அவளும் தப்பியிருப்பாள்.

"அம்மைக்கு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். அப்பாட்ட அம்ம பக்குவமாச் சொல்லிக்கிடும். நான் ஸ்பெஷல் கிளாசுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சொல்லித் தாயின் நம்பரைத் தந்தாள். மேசைப் போனிலிருந்து அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் பல பெண்களின் அழுகை கேட்டது.

நான் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னதும் அந்தத் தாய் கேட்டார்: "சிஸ்டர், எனக்க பிள்ள உயிரோட இருக்காளா?"

"இருக்கா. நல்லாப் பேசுகா. பயப்படாண்டாம்."

"படம் பாத்தோம் சிஸ்டர். ஒருத்தன் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கான். ஒருத்தன் ஓடிப்போன சோடின்னு எழுதியிருக்கான். நாங்க எதையாக்கும் நம்ப?"

மேனேஜர் எழுதிய வாசகம் போகிற வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று எழுதிச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். படம் மட்டும் அப்படியே இருந்தது. விரல் வைத்துப் பெரிதாக்கினால் நெஞ்சின் மேல் கிடந்த அட்டையில் அவள் பெயர், கல்லூரி, படிப்பு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. எங்கள் ஊர்க் குரூப்பிலிருந்து அது கடற்கரைக்குப் போய், அங்கிருந்து குவைத்துக்குப் போய், குவைத்திலிருந்து அவள் சித்தப்பாவின் போனுக்கு வந்திருந்தது. நான் திரைக்குள் அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

தகப்பன் சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டார். நனைந்த சாரத்தை மடித்துக் கட்டியபடி, கடற்கரையில் நின்ற கோலத்திலேயே. கூட அவருடைய தம்பிகள் இரண்டு பேர். திரையை விலக்கி உள்ளே விட்டேன். அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த கால் விரல்களைத் தொட்டார்.

"அசக்கு மக்களே."

அவள் விரலை அசைத்தாள். அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த அழுகை முடிவதற்குள் மூத்த தம்பியின் போன் அடித்தது. பேசி முடித்தால் அடுத்தது. "ஆமா, நம்ம பிள்ளதான்... தெரியல்ல... இப்பம்தான் வந்தோம்." ஒவ்வொரு அழைப்புக்கும் தகப்பனின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"எனக்க மோளு உயிரோட கெடக்கான்னு சந்தோசப்படக்கூட விடமாட்டேங்கானுவளே சிஸ்டர்" என்றார்.

தம்பி படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தப் பய யாரு? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாவளா? எங்க போயிட்டு வந்தாவ? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது."

இது உங்களுக்கும் நேரும். கேட்பவர் பெற்றவராகவோ கூடப் பிறந்தவராகவோ இருப்பார். கண்ணில் நீர் இருக்கும். சொல்லாவிட்டால் நாம் இரக்கமில்லாதவர்கள் என்று நமக்கே தோன்றும். எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. வேறு வேறு விபத்து, வேறு வேறு வண்டி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எதிரே இரண்டு ஸ்ட்ரெச்சரும் ஒன்றாகக் கிடக்கும் படம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பொய்யும் நிற்காது.

"அண்ணே, உங்க பிள்ளைக்குக் காலுல ஆபரேஷன் வேணும். செய்யலேன்னா கால் கோணிப்போவும். எனக்குச் சொல்லத் தெரிஞ்சது இதுதான். மத்ததொண்ணும் என்ட்ட கேக்காதீங்க. அவ தேறட்டு. அவளே சொல்லுவா" என்றேன்.

"அவ என்னத்தச் சொல்ல? அதுக்கு முன்ன ஊரே சொல்லியாச்சே" என்றார் தம்பி. அந்தப் பிள்ளை என்றைக்காவது ஒரு நாள், மனதுக்குத் தைரியம் வந்த ஒரு நேரத்தில், தாயிடமோ தகப்பனிடமோ தன் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே அந்த நேசம் முடிந்தும் போயிருக்கலாம். எதுவாயினும் அது அவள் கையில் இருந்தது. அதை நாங்கள் எடுத்துவிட்டோம்.

மேனேஜர் வந்து கைகூப்பினார். "அண்ணே, நல்லதுக்குத்தான் செய்தேன்."

தகப்பன் சண்டை போடவில்லை. "செரி சாரே. நல்லதுக்குத்தான். அந்தப் பயலும் பிழைக்கட்டு. இப்பம் அத திரும்ப எடுக்க முடியுமா?"

மேனேஜர் உடனே போனை எடுத்துப் படத்தை அழித்தார். தம்பி தன் போனைத் திருப்பிக் காட்டினார். "எனக்க போன்ல இருக்கே சாரே."

அதன்பிறகு மேனேஜர் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அழித்துவிடுங்கள், யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். சிலர் சரி என்றார்கள். சிலர் எடுக்கவில்லை. ஒருவன், "எந்தப் படம் சாரே, அந்த ஓடிப்போன சோடியா? அதுக்க அடுத்த படம் உண்டா?" என்று கேட்டிருக்கிறான். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் கல்லூரியில் படிக்கும் மகள் இருந்தாள்.

மறுநாள் காலையில் தாயும் வந்துசேர்ந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அழைத்துப் போனார்கள். நாங்கள் சொல்லிப் பார்த்தோம். எவ்வளவு சீக்கிரம் ஊரைவிட்டு எங்கேயாவது கொண்டுபோகலாம் என்பதே அவர்கள் மனதில் இருந்தது. ஸ்ட்ரெச்சரைக் காரை நோக்கித் தள்ளும்போது அந்தப் பிள்ளை, வீட்டார் வந்தபிறகு முதல்முறையாக வாய் திறந்து, "எனக்க ஐடி கார்டு" என்று கேட்டாள்.

"இனி அது எதுக்கு?" என்றார் சித்தப்பா.

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாய் மட்டும் திரும்பி வந்து, நான் எடுத்து வைத்திருந்த அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

கிழக்கே ஏதோ சொந்தக்காரர்கள் வீட்டில் கொண்டு விட்டார்கள் என்றும், படிப்பு நின்றுவிட்டது என்றும், நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக் கால் கோணலாகவே கூடிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பையன் தாயோடும் மாமாவோடும் லட்டுப் பெட்டி கொண்டுவந்தான். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. விபத்து நடந்த நாளே அவன் நினைவில் இல்லை. எல்லோரும் மேனேஜரிடம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கையில் அவன் மட்டும் கேஷுவாலிட்டிக்குள் வந்தான்.

"சிஸ்டர், எனக்க கூட ஒரு பிள்ள வந்துதா? வீட்டுல கேட்டா, இல்லங்காவ. அவளுக்க நம்பரு பழைய போனோட போச்சு."

நான் என்ன சொல்ல வேண்டும்? இன்னொருவர் வந்ததைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இல்லை என்று சொன்னால் அவனுக்குத் தன் மூளையின் மீதே நம்பிக்கை போய்விடும்.

"கூட யாரு வந்தா, எங்க போனான்னு நான் யாருட்டயும் சொல்லுகது இல்ல மக்கா" என்றேன்.

அவன் கெட்டிக்காரன். நான் இல்லை என்று சொல்லவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டான். "உயிரோட இருக்கால்லா? அத மட்டும் சொல்லுங்க."

நான் ஆமென்று தலையை அசைத்தேன். அதுவும் தப்புதான் என்று சிலர் சொல்வார்கள். அந்த அளவுக்குத்தான் என்னால் இறுக்கமாக இருக்க முடிந்தது. அவன் லட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு எங்கள் கேஷுவாலிட்டியில் சில வழக்கங்கள் வந்தன. மேனேஜர்தான் முன்னால் நின்று கொண்டுவந்தார். ரத்தம் வேண்டும் என்றால் குரூப்பில் ரத்த வகையும் ஆஸ்பத்திரி நம்பரும் மட்டும். பெயர் இல்லை, படம் இல்லை, என்ன நோய் என்பதும் இல்லை. யாரென்று தெரியாதவர் வந்தால் முதலில் கூட்டத்தை வெளியேற்றுவது. நினைவிருந்தால் காதோடு கேட்பது. இல்லாவிட்டால் அவருடைய போனைப் பக்கத்தில் வைத்து அது அடிக்கும்வரை காத்திருப்பது, போலீசுக்குச் சொல்வது. அடிபட்டுக் கிடப்பவருக்கு வீட்டிலிருந்து யாராவது கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். பூட்டிய போனிலும் அவசர நம்பரை வெளியே தெரியும்படி பதிந்து வைக்க வசதி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவருக்கும் அதைச் செய்து கொடுத்தே அனுப்பினோம். நீங்களும் உங்கள் போனில் இன்றைக்கே செய்யுங்கள். அதோடு, நம்பிக்கையான ஒருவரின் நம்பரையாவது மனப்பாடமாக வைத்திருங்கள்.

வார்டில் நின்று உங்களை நீங்களே படம் எடுக்கிறீர்கள், பிறந்தநாள் கேக் வெட்டி எடுக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் சுவரில் எந்தக் கட்டிலில் யார், என்ன நோய் என்று எழுதிய பலகை இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்புகிறீர்கள். விரல் ரேகையில் திறக்கும் போன் வந்தபிறகு ஒருவர், மயக்கத்தில் கிடந்த தன் அண்ணனின் கட்டைவிரலைப் போனில் வைத்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்டார். ஏதோ முக்கியமான விஷயம் பார்க்க வேண்டுமாம். முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு மேலே புகார் செய்தார். மயக்கம் தெளிந்த அண்ணன், விஷயம் தெரிந்ததும், அந்த விரலை மற்றக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். அவர் போனுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு எலும்பு டாக்டரின் அறையில் உதவிக்கு நின்றிருந்த ஒரு நாள், ஓர் இளம்பெண் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டி வந்தது கணவன். பார்த்தால் நல்ல மாதிரியாக இருந்தான். அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அந்தப் பிள்ளைதான் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நான் யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல, "உக்காரும்மா" என்றேன்.

"எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

"படியில விழுந்தேன்" என்றாள். "ஆமா டாக்டர், சின்னதுல விழுந்துட்டாளாம். இப்பம் மழை வந்தா வலி தாங்க முடியல்ல" என்றான் கணவன்.

முன்பு இங்கே வந்ததுண்டா என்பது டாக்டரின் அடுத்த கேள்வியாக இருக்கும். பெயரைத் தட்டினால் பழைய விவரம் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும், எந்தச் சாலை, எந்த வண்டி என்பதெல்லாம். கம்ப்யூட்டர் திரை கணவனின் பக்கம் திரும்பியிருந்தது. நான் ஒரு சீட்டில் பஞ்சும் கட்டுத்துணியும் எழுதி, "தம்பி, இத நம்ம மருந்துக்கடையில வாங்கிட்டு வந்துருங்க" என்று அனுப்பினேன். டாக்டரிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அவளைக் கட்டிலில் படுக்கவைத்துத் திரைத்துணியை இழுத்துவிட்டேன்.

"நல்லா இருக்கியா மக்கா?"

"நல்ல ஆளு சிஸ்டர். என்ன நல்லாப் பாக்காரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது." திரைத்துணியின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அந்தப் படம் இப்பமும் எங்கயாவது இருக்கும், இல்லியா?"

இருக்காது என்று சொல்லத்தான் ஆசை. யாரோ ஒருவரின் பழைய போனில், யாரும் திறக்காத ஏதோ ஒரு குரூப்பில் அது இருக்கலாம். என்றைக்காவது யாராவது தோண்டி எடுத்து மறுபடி அனுப்பலாம். அனுப்பாமலும் போகலாம். அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அவருக்க போன்ல மெசேஜ் வந்த சத்தம் கேட்டா, கையில உள்ள வேலைய விட்டுட்டு அவருக்க முகத்தத்தான் பாப்பேன் சிஸ்டர். ஒவ்வொரு தடவையும்."

நான் அவள் முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தபடி நின்றேன்.

கணவன் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். திரைத்துணியை விலக்கி அதை என்னிடம் தந்த அதே நேரத்தில் அவன் சட்டைப் பையில் போன் ஒலித்தது. அவள் கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான், சிரித்தான், "இதப் பாரு" என்று போனை அவள் பக்கம் திருப்பினான். ஏதோ ஒரு குழந்தை ஆடுகிற படம்.

அவள் அதை நன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் சிரித்தாள்.